எல்லை தாண்டிய கிராம சபை

பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு கிராம சபை நடந்து போவதை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நான் பார்த்திருக்கிறேன். அதன் முன்வரிசையில் போனவளே நான்தான்.

மே மாத வெயில். உப்புக் கால்வாயின் மதகு மேல் வரிசையாகப் போகிறோம். முன்னால் நான், இடுப்பில் என் மகன் கதிர், கையில் பூப்போட்ட குடை. எனக்குப் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிய ஊராட்சித் தலைவர். அவருக்குப் பின்னால் ஒலிபெருக்கியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு மைக் செட்காரர். அதற்கும் பின்னால் எங்கள் சவுக்குப்பட்டு ஊராட்சியின் ஜனம், ஆளுக்கொரு நாற்காலிக்குள் தலையை விட்டபடி. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு, கால்களை வானத்துக்கு நீட்டிக்கொண்டு ஒரு மந்தை கால்வாயைக் கடப்பது மாதிரி இருந்திருக்கும்.

பின்னால், சவுக்குத் தோப்பின் ஓரத்தில், பக்கத்து ஊராட்சியின் தலைவர் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடியே கத்திக்கொண்டிருந்தார்.

"கால்வாய தாண்டி வந்து எங்க எல்லையில கிராம சபை போட்றீங்களே, நாளைக்கு எங்க வூட்டு ஹால்ல வந்து போடுவீங்களா?"

"யார்ரா இந்த எடத்த சொன்னது?" என்று ஒரு நாற்காலிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மெம்பரம்மாதான்" என்று பல நாற்காலிகள் பதில் சொல்லின.

மெம்பரம்மா என்றால் நான். பொது நிர்வாகத்தில் எம்.ஏ., அஞ்சல் வழி. பஞ்சாயத்துகளுக்கு அதிகாரம் கொடுத்த அரசியல் சட்டத் திருத்தத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எங்கள் பஞ்சாயத்தின் எல்லை எதுவரை என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

காபி கேட்க வந்தவர்கள் இல்லை

நான் வார்டு உறுப்பினர் ஆன கதையைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் இந்தப் பத்தியில் கதிருக்குக் கடைவாய்ப் பல் முளைத்த கதையை எழுதியபோது, 'அந்த மீட்டிங்கில் இருந்தபோதுதான்' என்று ஒரு வரி எழுதிவிட்டேன். எந்த மீட்டிங் என்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள்.

புதுப்பட்டினத்துக்கு வடக்கே, கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவில் எங்கள் நகர் இருக்கிறது. நகர் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. கல்பாக்கத்தில் வேலை பார்ப்பவர்கள் குவார்ட்டர்ஸ் கிடைக்காமலோ, கிடைத்தது பிடிக்காமலோ வாங்கிப் போட்ட மனைகள், நாலைந்து தெரு. தஞ்சாவூர், திருநெல்வேலி, சேலம் என்று எல்லா ஜில்லாக்காரர்களும் இருந்தோம். யாருக்கும் யார் சமையலும் பிடிக்காது. ஆனால் எல்லோருக்கும் தெருவிளக்கு வேண்டும்.

அந்த முறை எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஒரு சாயங்காலம் நகர் ஆண்கள் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தார்கள். நான் அடுப்பில் பால் வைத்தேன். என் கணவர் சமையலறைக்கு வந்தார்.

"உன்னைத்தான் கேட்கறாங்க."

"எத்தனை பேருக்கு?"

"காபி இல்லைம்மா. மெம்பரா நிக்கச் சொல்லி."

மற்ற பெண்களில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி, ஒருவருக்கு டியூஷன், ஒருவருக்கு மாமியார். எனக்கு இரண்டு வயதுக் குழந்தை மட்டும்தான். அது ஒரு தடையாக யாருக்கும் தோன்றவில்லை. எதிர்த்து நிற்க ஆள் கிடைக்காததால் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டேன். அதை என் அம்மாவிடம் சொன்னபோது, "யாருமே வரலையா? அவ்வளவு மோசமான வேலையா?" என்று கேட்டாள்.

அப்பா திருப்பிக் கொடுக்கப் போன அட்லஸ்

தேசம் உடைந்துவிடும் என்ற பயம் எனக்குச் சின்ன வயதிலேயே வந்தது. சிலருக்குப் பல்லி, சிலருக்கு இடி. எனக்கு இது.

சோவியத் யூனியன் உடைந்த சமயம் நான் அச்சரப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ரயிலில் போய் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குத் தபால் அலுவலகத்தில் வேலை. நான் போட்டித் தேர்வு எழுதுவேன் என்ற நம்பிக்கையில், கெட்டி அட்டை போட்ட ஓர் அட்லஸ் வாங்கிக் கொடுத்திருந்தார். அதன் புது வாசனை போவதற்குள் ரேடியோவில் செய்தி வந்தது. அப்பா அட்லஸைப் பிரித்து, இரண்டு பக்கத்துக்கும் பரவியிருந்த சோவியத் யூனியனின் ரோஸ் நிறத்தைப் பார்த்தபடி வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் அதைத் திரும்பக் காகிதத்தில் சுற்றி, ஜி.எஸ்.டி. ரோட்டுக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன்.

"மாத்திக் குடுப்பா. இது தப்பாயிடுச்சி" என்றார்.

கடைக்காரர் ரோஸ் நிறத்தைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். "சார், நாடு ஒடஞ்சதுக்கு நான் இன்னா சார் பண்றது?"

திரும்பி வரும் வழியில் அப்பா, "அவ்வளவு பெரிய நாடே போயிடுச்சி. நம்ம கதி என்னவோ" என்றார். ஏதோ பேச்சுக்குச் சொன்னதுதான். வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். நான்தான் தூங்கவில்லை.

பிறகு கல்யாணமாகி, கதிர் பிறந்து, அவனுக்கு மரத்தில் செய்த இந்திய வரைபடப் புதிர் ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து பிரித்தால், கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிட்டிருக்கிறார். புதிதாகப் பிரிந்த மூன்று மாநிலங்களும் அதில் இல்லை. "இப்படியே பிரிச்சுக்கிட்டே போனா என்னங்க ஆகும்?" என்று கணவரிடம் கேட்டேன். "துண்டு அதிகமாகும். குழந்தை இன்னும் கொஞ்ச நேரம் விளையாடும்" என்றார். விஞ்ஞானிகளோடு வேலை செய்பவர்களிடம் நாட்டைப் பற்றிப் பேசக்கூடாது.

இவ்வளவுக்கும் என் வீட்டிலேயே அதிகாரம் பரவியிருக்கவில்லை. எங்கள் மத்திய அரசு தஞ்சாவூரில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் தொலைபேசியில் பேசும். குழந்தைக்குக் கேழ்வரகுக் கூழ் எத்தனை கரண்டி, தலைக்கு எண்ணெய் எந்தக் கிழமை என்பதெல்லாம் அங்கிருந்துதான் வரும். நான் 'சரிங்கத்தை' என்று சொல்லிவிட்டு, ரிசீவரை வைத்ததும் என் இஷ்டத்துக்குச் செய்வேன். பிறகு அன்றைக்கெல்லாம் குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஸ்டெல்லாவின் பஸ்

மேட்டுக் காலனி வார்டின் உறுப்பினர் ஸ்டெல்லா. என் வயதுதான். அவளுடைய அப்பா அம்மா ஊர்க்காரர்களின் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவள் மறைமலைநகரில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை பார்த்தாள். முதல் கூட்டத்துக்கு ஷிப்ட் முடிந்து கம்பெனியின் நீலக் கோட்டோடு வந்து, என் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"ரோட்ல போற காருக்குள்ள எல்லாம் நான் கட்ன ஒயர்தான் ஓடிகினு கீது மேடம். நான் மட்டும் பஸ்ஸு பின்னாடி ஓடிகினு கீறேன்."

எனக்கு அவளைப் பார்த்தவுடன் பயம் வந்தது. எதையும் யோசிக்காமல் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எப்போதுமே பயம்தான். நான் ஒரு வாக்கியத்தை மூன்று முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் வேறொன்றைச் சொல்கிறவள்.

அவளுக்கு ஒரே ஒரு விஷயம்தான் வேண்டியிருந்தது. தண்ணீர்.

எங்கள் ஊராட்சிக்கு ஒரே ஒரு மேல்நிலைத் தொட்டி. அது ஊருக்குள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. விடியற்காலையில் தொட்டி நிரம்பியதும் முதலில் ஊருக்கு வால்வு திறப்பார்கள். அதை மூடிவிட்டு எங்கள் நகருக்கு. அதையும் மூடிவிட்டுக் கடைசியாக மேட்டுக் காலனிக்கு. குழாய் போட்ட நாளிலிருந்து அதுதான் வரிசை. காலனிக் குழாயில் தண்ணீர் எட்டிப் பார்க்கும்போது கம்பெனி பஸ் போய்விட்டிருக்கும். பஸ்ஸில் போகிற பெண்கள் காலனியில் நிறைய பேர்.

"நேத்து புடிச்ச தண்ணி அரை பக்கெட்டு கீது. மூஞ்ச கழுவறதா, கால கழுவறதா, நாஸ்தா பண்றதா? ஈரத்துணியில தொடச்சிகினு ஓடறேன் மேடம். பக்கத்து சீட்டுக்காரி மூக்க மூடிக்கிறா. எதுக்கு மூடறான்னு எனக்குத் தெரியாதா?"

தண்ணீர் வரும் நேரத்தில் அவளுடைய மகள்தான் குடங்களோடு நிற்பாள். நிரப்பி முடித்துப் பள்ளிக்கூடம் போனால் பிரேயர் முடிந்திருக்கும்.

அந்த வருஷம் எங்கள் ஊராட்சிக்கு ஒரு புது மோட்டார் ஒதுக்கியிருந்தார்கள். அதை எங்கே போடுவது என்பதுதான் சண்டை. தலைவர், பெரிய தொட்டிக்குப் பக்கத்திலேயே இரண்டாவது மோட்டாராகப் போடலாம், தொட்டி சீக்கிரம் நிரம்பும், எல்லோருக்கும் நல்லது என்றார். ஸ்டெல்லா, காலனியிலேயே ஒரு போர் போட்டு, சின்னத் தொட்டி வைத்து, சுவிட்சையும் அங்கேயே வைக்க வேண்டும் என்றாள்.

"ரெண்டு மோட்டாரு என்னா, பத்து மோட்டாரு வையி தலைவரே. வால்வு ஒண்ணுதான? அது உங்காளு கையிலதான கீது?"

"தனி சுவிட்சு குடுத்தா நாளைக்கு குப்பத்துக்காரன் கேப்பான், நாளான்னிக்கு நகர்காரங்க கேப்பாங்க. அப்பறம் ஊர் எங்கம்மா கீது? ஒரு ஊரு, ஒரு தொட்டி. அப்பதான் ஒத்துமையா இருக்க முடியும்" என்றார் தலைவர்.

எனக்குச் சட்டென்று அந்த ரோஸ் நிறம் ஞாபகத்துக்கு வந்தது.

குடியரசு தினச் சொற்பொழிவு

வருஷத்தில் நாலு நாள் கிராம சபை. நாலும் தேசிய நாட்கள் மாதிரியானவை. கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, உடனே குழாய்ச் சண்டை. வேறு எந்த நாட்டிலாவது தேசபக்தியையும் சாக்கடையையும் ஒரே காலையில் வைத்திருக்கிறார்களா என்று தெரியவில்லை.

அந்தக் குடியரசு தினத்தன்று தலைவர் என்னைப் பேசச் சொன்னார். படித்தவள் ஆயிற்றே. நான் முதல் நாளே கண்ணாடி முன் நின்று பயிற்சி எடுத்திருந்தேன். பள்ளிக்கூட வளாகத்தில், கொடிக்கம்பத்து மேடையில் நின்று, ஒரு பெரிய நாடு எப்படித் துண்டு துண்டாகப் போனது என்று உருக்கமாகப் பேசினேன். "இன்று ஒரு சுவிட்ச். நாளை ஒரு எல்லைக்கோடு" என்று முடித்தேன். அந்த வரியை எழுதிய சாயங்காலம் எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்திருந்தது.

ஊர்க்காரர்கள் கை தட்டினார்கள். காலனியிலிருந்து வந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர். அவர்களும் கேட்டுக்கு வெளியேதான் நின்றார்கள். ஸ்டெல்லா மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தாள். கை தட்டல் ஓய்ந்ததும் எழுந்தாள்.

"மேடம், ஒரு டவுட்டு. டெல்லிகாரன் வால்வு தொறக்கற வரைக்கும் மெட்ராசு குளிக்காமயா கீது?"

கேட்டுக்கு வெளியே சிரிப்பு வந்தது. உள்ளேயும் ஒன்றிரண்டு பேர் சிரித்துவிட்டு, தலைவரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். கதிர் அழுகிறான் என்று சொல்லிக் கீழே இறங்கிவிட்டேன். கதிர் அழவில்லை. மிட்டாய் தின்றுகொண்டிருந்தான்.

வீட்டில் வந்து பாத்திரம் தேய்க்கும்போதுதான் ஞாபகம் வந்தது. எம்.ஏ. தேர்வில் இதே கேள்விக்கு நான் பதில் எழுதியிருக்கிறேன். 'அதிகாரத்தைக் கீழே பரவவிடுவது நாட்டின் ஒற்றுமையைப் பலவீனப்படுத்தாது, பலப்படுத்தும்' என்று நாலு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். எழுதும்போது நம்பினேனா, மதிப்பெண்ணுக்காக எழுதினேனா என்பதுதான் ஞாபகம் வரவில்லை.

அன்று எந்தத் தீர்மானமும் ஆகவில்லை. மே தினக் கிராம சபையில் முடிவு செய்து அனுப்பாவிட்டால் மோட்டார் வேறு ஊராட்சிக்குப் போய்விடும் என்று ஒன்றிய அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

நடுநிலையான இடம்

மே தினத்துக்கு முன்னால் இடத்தைப் பற்றிய சண்டை வந்தது.

"ஸ்கூல்ல வெச்சா எங்காளுங்க கேட்டுக்கு வெளிய நிக்கணும். வரமாட்டாங்க" என்றாள் ஸ்டெல்லா.

"காலனில வெச்சா ஊருக்காரன் எவனும் வரமாட்டான்" என்றார் தலைவர்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். குடியரசு தினத்திலிருந்து ஸ்டெல்லாவின் கண்ணைப் பார்க்க முடியாமல் இருந்த எனக்கு, இரண்டு பக்கத்துக்கும் நல்லவளாகிவிட ஒரு வழி கிடைத்த மாதிரி இருந்தது. கதிரைச் சாயங்காலம் கூட்டிக்கொண்டு போகிற சவுக்குத் தோப்பு ஞாபகம் வந்தது. கால்வாய் மதகைத் தாண்டினால் நல்ல நிழல், சுத்தமான மணல், சாய்ந்து உட்கார மரங்கள். ஊர்க்காரர்கள் அங்கே ஆடு மேய்த்தார்கள், காலனிக்காரர்கள் அங்கே சுள்ளி பொறுக்கினார்கள், நாங்கள் காற்று வாங்கினோம்.

"யாருக்கும் சொந்தமில்லாத இடம். நடுநிலையான இடம்" என்றேன்.

"படிச்சவங்க படிச்சவங்கதான்" என்றார் தலைவர்.

ஊராட்சி கிளார்க் அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார். பதிவேட்டில் இடத்தின் பெயரை எழுதினார். அது எந்த ஊராட்சியில் இருக்கிறது என்று அவர் என்னைக் கேட்கவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. ஆடுகள் எல்லை பார்த்து மேய்வதில்லை. அதனால் ஊர்க்காரர்களுக்கும் அதெல்லாம் நினைவில் இல்லை.

மே தினத்தன்று பந்தல் போட்டு, நாற்காலி பரப்பி, தலைவர் தொண்டையைக் கனைத்த நேரத்தில்தான் அந்த மோட்டார் சைக்கிள் வந்தது. கிளார்க் பையிலிருந்து ஊராட்சி வரைபடத்தை எடுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, என் காதருகே வந்து, மெதுவாகச் சொன்னார்:

"மேடம், அவர் சொல்றது சரிதான். கால்வாயோட நம்ம எல்லை முடியுது. இங்க எடுத்த தீர்மானம் செல்லாது."

'நாளை ஒரு எல்லைக்கோடு' என்று நான் பேசியபோது, அந்தக் கோடு ஏற்கெனவே அங்கேதான் இருந்திருக்கிறது. நான்தான் தினமும் செருப்போடு தாண்டிப் போய் வந்திருக்கிறேன்.

மதகுக்கு இந்தப் பக்கம்

இப்படித்தான் நாற்காலிகள் தலைக்கு ஏறின.

மதகைத் தாண்டியதும் எங்கள் எல்லைக்குள் வருகிற முதல் நிழல், மேட்டுக் காலனியின் சர்ச்சுக்கு முன்னால் இருக்கிற வேப்பமரம். அதைத் தாண்டினால் பள்ளிக்கூடம் வரை வெட்டவெளி. தலைவர் காலனி முனையில் நின்றுவிட்டார்.

"ஸ்கூலுக்கே பூடலாம்" என்றார்.

"இந்த வெயில்லயா?" என்றது ஒரு நாற்காலி.

யாரும் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. கதிர் என் தோளில் முகத்தைத் தேய்த்து, "தண்ணி" என்றான். முகம் சிவந்திருந்தது. அத்தையின் ஞாயிற்றுக்கிழமைக் குரல் என் காதில் கேட்டது. 'வெயில்ல தூக்கிட்டுப் போனியா?' நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. அன்று நான் யோசிக்காமல் செய்த காரியம் இது ஒன்றுதான். நேராகக் காலனிக்குள் போனேன். குடை முன்னால் போவதைப் பார்த்து மைக் செட்காரர் வந்தார். மைக் போனதால் கிளார்க் வந்தார். கிளார்க் போனதால் தலைவருக்கு வேறு வழியில்லை.

ஸ்டெல்லா வீட்டுக்குள் போய் ஒரு சொம்பில் பாதி தண்ணீர் கொண்டுவந்து கதிருக்குக் கொடுத்தாள். அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னும்" என்றான்.

"அவ்ளோதாண்டா ராஜா. நாளைக்குதான்."

அதற்குள் நாற்காலிகள் இறங்கிவிட்டன. வியர்வையில் நனைந்த ஜனம் குழாயடியைப் பார்த்தது. மைக் செட்காரர் போய்த் திருகினார். உஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது.

"இன்னாம்மா, மீட்டிங்குக்கு வந்தவங்களுக்கு ஒரு வாய்த் தண்ணி கெடையாதா?" என்று ஊர்க்காரர் ஒருவர் கேட்டார்.

"நானா குடுக்கமாட்டேன்றேன்? உங்க தெருவுலதான் கீது வால்வு. போய் தொறந்துட்டு வா அண்ணாத்த, உக்கார வெச்சி குடுக்கறேன்" என்றாள் ஸ்டெல்லா.

தலைவர் தொட்டி ஆபரேட்டரை மொபெட்டில் அனுப்பினார். நாங்கள் காத்திருந்தோம். ஒரு கிராம சபை முழுக்க ஒரு குழாயின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தலைவர் முகத்தைத் துண்டால் துடைத்தார், மணி பார்த்தார், மறுபடி துடைத்தார். மே தினம் என்பதால் கம்பெனி லீவு. பஸ்ஸில் போகிற பெண்கள் எல்லோரும் வீட்டிலேயே இருந்தார்கள். கூட்டம் அவர்கள் வாசலுக்கே வந்துவிட்டதால், ஒவ்வொருவராக வந்து மரத்தடியில் உட்கார்ந்தார்கள். கேட்டு என்று ஒன்று அங்கே இல்லை.

கடைசியில் குழாய் இருமியது. இரண்டு தடவை காற்றைத் துப்பியது. பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம், அப்புறம் வெந்நீர் மாதிரி கொஞ்சம், பிறகு தண்ணீர்.

"இவ்ளோ நேரமா ஆவுது?" என்றார் தலைவர். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார்.

"இன்னிக்கு சீக்கிரம் வந்துடுச்சி தலைவரே. நீங்க ஆளு அனுப்புனீங்க இல்ல?"

ஊர்க்காரர்களில் சிலர் குடித்தார்கள். சிலர் முகம் மட்டும் கழுவினார்கள். சிலர் அதுகூடச் செய்யாமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒற்றுமையைப் பற்றி அத்தனை நேரம் பேசியபோது இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போது உறைத்தது. தலைவர் சொம்பைக் கையில் வாங்கினார். கொஞ்சம் தயங்கினார். அண்ணாந்து குடித்தார். மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

குடையும் கையும்

ஒரு வாய்த் தண்ணீரால் தலைவர் மனம் மாறிவிட்டார் என்று நீங்கள் நினைத்தால், நீங்கள் எங்கள் தலைவரைப் பார்த்ததில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மெம்பரம்மா ஜனவரியில சொன்னத இங்கயும் ஒரு தபா சொல்லுங்க. காலனி ஜனமும் கேக்கட்டும்" என்று மைக்கை என்னிடம் நீட்டினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஸ்டெல்லா மட்டும் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டிருந்தாள். எதற்கும் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாள்.

நான் மனதுக்குள் வாக்கியத்தைத் தயார் செய்தேன். மூன்று முறை சொல்லிப் பார்த்தும் சரியாக அமையவில்லை. "நான் ஜனவரியில் சொன்னது..." என்று ஆரம்பித்தேன். மைக் கீச்சென்றது. "எங்க வீட்டுக்கு ஆறு மணிக்குத் தண்ணி வருது. நான் எந்த பஸ்ஸையும் பிடிக்க வேண்டியதில்லை. அதனால எனக்கு ஒரே தொட்டி நல்லாத்தான் இருந்தது. மோட்டார் இங்கேயே..." அதற்குள் பேட்டரி தீர்ந்து மைக் அணைந்துவிட்டது. என் வாழ்க்கையின் முக்கியமான பேச்சை முதல் வரிசை மட்டும்தான் கேட்டது. அதிலும் பாதிப் பேர் முகம் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

கிளார்க் கை தூக்கச் சொன்னார். மோட்டார் காலனியில் வேண்டும் என்பவர்கள். மரத்தடியிலிருந்து கைகள் எழுந்தன. எனக்கு ஒரு கையில் கதிர், இன்னொரு கையில் குடை. குடையோடு தூக்கினேன்.

கிளார்க் எண்ணிக்கொண்டு வந்து என்னருகில் நின்றார். "மேடம், இது வெயிலுக்கா, தீர்மானத்துக்கா?"

என் நகரின் ஆண்கள் இருவர் பின்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று காபிக்காக இல்லாமல், என்னை நிற்கச் சொல்ல வந்தவர்கள்.

"தீர்மானத்துக்கு" என்றேன். குடையை மடக்கி, வெறும் கையைத் தூக்கிக் காட்டினேன்.

தீர்மானம் நிறைவேறியது. எண்ணிக்கை முடிந்ததும் தலைவர் மரத்தடிக் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "ஸ்கூல்ல வெச்சிருந்தா இதுல பாதி பேர் வந்திருக்கமாட்டாங்க. தோப்புனு சொல்லி இஸ்துகினு போய், காலனில கொண்டாந்து உட்டுட்ட பாரு. தெரிஞ்சேதான செஞ்ச மெம்பரம்மா?" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என்னை ஒருவர் கெட்டிக்காரி என்று நினைப்பது அதுதான் முதல் தடவை. லேசாகச் சிரித்து வைத்தேன். ஒரு வாரம் வரை ஊரில் என்னைப் பற்றி அப்படித்தான் பேச்சு. அரசியல்வாதிகளுக்கு ஏன் அந்த வேலையை விட மனம் வருவதில்லை என்று அந்த ஒரு வாரத்தில் புரிந்துகொண்டேன்.

தலைவர் சொன்னது பலித்தது

அவர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. அதை மறைக்க முடியாது. அடுத்த கிராம சபையில் குப்பத்துக்காரர்கள் தங்களுக்கும் தனி மோட்டார் கேட்டார்கள். அதற்கு அடுத்ததில் எங்கள் நகர்காரர்கள் கேட்டார்கள். "காலனிக்காக கை தூக்கினீங்களே, உங்க தெருவுக்குத் தூக்க மாட்டீங்களா?" என்று பக்கத்து வீட்டம்மா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

காலனிக்குள்ளும் அமைதி இல்லை. சுவிட்ச் ரூம் சாவி யாரிடம் இருப்பது என்று இரண்டு தெருக்களுக்கு நடுவே சண்டை வந்து, தீர்த்து வைக்க என்னிடம் வந்தார்கள். நான் பயந்துபோய், "அதை நீங்களே பேசி முடிவு பண்ணிக்குங்க" என்றேன். அதிகாரப் பரவலுக்கு நான் செய்த ஒரே நேரடியான பணி அதுதான். அவர்களும் முடிவு செய்துகொண்டார்கள்.

ஊர் உடைந்ததா? நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த வேலையை யாரும் என்னிடம் கொடுக்கவில்லை, இருந்தாலும் செய்தேன். திருவிழாவில் வழக்கமான சண்டை வழக்கமான இடத்தில் நடந்தது. பள்ளிக்கூடத்தில் கொடி ஏறியது. கிராம சபை இப்போது ஒரு முறை இங்கே, ஒரு முறை அங்கே என்று நடந்தது. காலனியில் நடக்கும்போது வராத ஊர்க்காரர்கள் வராமலேயே இருந்தார்கள். வந்தவர்கள், தண்ணீர் எப்போது வரும் என்று கேட்பதை விட்டுவிட்டு வேறு விஷயங்களைப் பேச ஆரம்பித்தார்கள். இதை உடைவது என்று சொல்வதா, சேர்வது என்று சொல்வதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தேர்வில் கேட்டால் இரண்டையும் எழுதுவேன்.

காலனியில் சுவிட்ச் போட்ட முதல் வாரத்தில் ஒருநாள், கதிருக்கு இரவெல்லாம் இருமல். விடிந்தும் விடியாமல் நானும் கணவரும் அவனைத் தூக்கிக்கொண்டு, டாக்டரிடம் போவதற்காகக் கூட்ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் அங்கே பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நின்ற இடத்திலிருந்து சோப்பு வாசனை வந்தது. ஸ்டெல்லாவின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டி, நீலக் கோட்டின் முதுகு முழுக்க நனைந்திருந்தது.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "தலையைத் துவட்டக் கூடாதா ஸ்டெல்லா? இந்தக் காத்துக்கு ஜலதோஷம் பிடிச்சுக்கும்."

"புடிக்கட்டும் மேடம்" என்றாள். பஸ் வந்து நின்றது. படியில் ஏறி, உள்ளே யாரையோ நகரச் சொல்லி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பும்போது ஈரக் கூந்தலை அப்படியே அள்ளி வெளியே போட்டாள்.